காட்ஃபெலை இரண்டாம் முறை வாசிப்பவருக்கு



எல்லிஸ் பீட்டர்ஸின் 'சகோதரர் காட்ஃபெல்' வரிசையில் இருபது நாவல்களையும் முடித்துவிட்டாய். கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகு மறுபடி எதற்கு என்று கேட்கிறாய். நியாயமான கேள்விதான். பல துப்பறியும் கதைகளுக்கு ஒரு வாசிப்பே அதிகம்.

'மங்க்ஸ்ஹுட்' (1980) நாவலை எடுத்துக்கொள். கெர்வாஸ் போனெல் என்ற நிலக்கிழார் தன் பண்ணையை ஷ்ரூஸ்பரி மடத்துக்கு எழுதிவைக்க ஏற்பாடு செய்துவிட்டு, சாப்பாடும் இருப்பிடமும் மடத்துப் பொறுப்பு என்று வந்து சேர்கிறார். சாப்பாட்டிலேயே விஷம். அதுவும், மூட்டுவலிக்குத் தேய்க்க அந்த மடத்துத் துறவி காட்ஃபெல் காய்ச்சிவைத்த தைலம். நம் சித்த வைத்தியர்கள் அறிந்த வச்சநாபியின் இனத்துச் செடிதான் அதில் சேர்ந்திருக்கிறது. (ஆசிரியை இளமையில் மருந்துக்கடையில் வேலை பார்த்தவர், மூலிகைக் குடிலை அவர் எழுதும் விதத்திலேயே அது தெரியும்.) சொத்தை இழக்கவிருந்த, மனைவியின் முந்தைய மணத்து மகன்மேல் சந்தேகம் விழுகிறது. முதல் வாசிப்பில் நாமும் அவன் பின்னாலேயே அலைகிறோம்.

அந்தப் பண்ணை இருப்பதோ வேல்ஸ் மண்ணில். போனெலின், மணவுறவுக்கு வெளியே பிறந்த மகனுக்கு அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் சல்லிக்காசு கிடையாது. வேல்ஸ் சட்டத்தில், தகப்பன் ஏற்றுக்கொண்ட பிள்ளைக்குப் பங்கு உண்டு. கொலைக்கான காரணமே அந்தக் காலத்து எல்லைக்கோட்டில் இருக்கிறது. இது தெரிந்து படித்தால், பண்ணை எங்கே இருக்கிறது என்று பேச்சுவாக்கில் வரும் வரிகளில் கண் நின்றுவிடும்.

'ஒன் கார்ப்ஸ் டூ மெனி' இன்னும் துணிச்சலானது. 1138-இல் ஸ்டீபன் மன்னர் ஷ்ரூஸ்பரி கோட்டையைப் பிடித்து, காவற்படையினரைத் தூக்கிலிட்டது வரலாறு. நாவலில் தூக்கிலேறியவர்கள் 94 பேர். அடக்கம் செய்யப்போன காட்ஃபெல் எண்ணினால் 95. பின்னாளில் அவருக்கு உற்ற நண்பனாகும் ஹியூ பெரிங்கர் இதில்தான், நம்பவே முடியாத ஆளாக, அறிமுகமாகிறான். அவன் பேசும் ஒவ்வொரு வாக்கியத்தையும் இப்போது இரண்டு விதமாகப் படிக்கலாம்.

குறையும் உண்டு. நாவலுக்கு ஓர் இளம் காதல் ஜோடி, கடைசியில் அவர்கள் சேர்ந்துவிடுவது உறுதி. நாலைந்து நாவல்களுக்குள் சலித்துவிடும். அந்தப் பக்கங்களை வேகமாகத் தாண்டிப் போ, பாவமில்லை.

நிதானிக்க வேண்டியது வேறோர் இடத்தில். புனித வினிஃப்ரெட்டின் எலும்புகளை வேல்ஸிலிருந்து ஷ்ரூஸ்பரிக்கு மடத்தார் கொண்டுவந்ததும் நடந்த சம்பவமே. முதல் நாவலில் (1977) காட்ஃபெல் அவற்றைச் சத்தமில்லாமல் பழைய கல்லறையிலேயே வைத்துவிடுகிறார். எலும்புகள் இருக்க வேண்டிய பேழையில் வந்து சேர்வது கொலைகாரனின் உடல். பிறகு மடமே அதன்முன் மண்டியிடுகிறது, அவரும்தான். பத்தாவது நாவலான 'தி பில்கிரிம் ஆஃப் ஹேட்'டில் அதே பேழையின்முன் ஒரு முடவனின் கால் குணமாகிறது.

ஆகவே வரிசைப்படி போகாதே. முதல் நாவலை முடித்த கையோடு பத்தாவதை எடு. அந்தப் பேழையின்முன் நிற்கும்போது காட்ஃபெல் என்ன நினைக்கிறார் என்பதை மட்டும் கவனித்துப் படித்துவிட்டு எழுது.