தண்ணீர் கழுவாத ரத்தம்

அன்புப் பேத்திக்கு,

மதம் மனம் ஏற்பது, இனம் பிறப்பில் வருவது, இரண்டுக்கும் ஒட்டே இல்லை என்று எழுதியிருந்தாய். அப்படி இருந்திருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்களம்மா. ஸ்பெயின் தேசத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

1391இல் செவில் நகரில் தொடங்கி ஊர் ஊராக யூதர்களை வெட்டினார்கள். உயிருக்கு அஞ்சி ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். திருச்சபையின் போதனைப்படி வழக்கு அத்தோடு தீர்ந்தது. தண்ணீர் வார்த்தபின் ஒருவர் கிறிஸ்தவர்தான். அப்பன் யார் என்ற கேள்விக்கே இடமில்லை. அவர்களும் பிள்ளைகளும் படித்து மேலே வந்தார்கள். யூத ரபியாக இருந்த ஒருவர் பாப்லோ தெ சாந்தா மரியா என்ற பெயரில் புர்கோஸ் நகர ஆயராகவே ஆனார்.

பொறாமைக்கு இது பொறுக்குமா? நம்பிக்கையில் குற்றம் காண முடியாதபோது ரத்தத்தில் கண்டார்கள். 1449இல் தொலேதோ நகரில் வரிக் கலகம் மூண்டது. அந்தச் சூட்டில், யூத வழிவந்தவர் எவரும் நகரப் பதவி வகிக்கக் கூடாது என்று சட்டம் எழுதினார்கள். போப் ஐந்தாம் நிக்கோலஸ் அதே ஆண்டில் கண்டித்தார். பாப்லோவின் மகன் அலோன்சோ, அவரும் ஆயர், மறுத்து நூல் எழுதினார். பயனில்லை. 1547இல் தொலேதோ பேராலயமே அந்த விதியைத் தனதாக்கிக்கொண்டது. பதவி கேட்பவர் தம் முன்னோர் 'சுத்த ரத்தம்' என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். குதிரையின் வம்சத்துக்குச் சொன்ன 'ராசா' என்ற ஸ்பானியச் சொல் மனிதர்மேல் வசையாக ஏறியது இந்தக் காலத்தில்தான். இனவாதம் மதத்துக்கு வெளியே பிறக்கவில்லை. கோவில் வாசலில் நின்று ஆள் பிரித்தபோது வளர்ந்தது.

இதில் அடிபட்ட ஒருவர் நமக்கு நெருக்கமானவர். போர்ச்சுக்கலில் பிறந்த ஹென்றிக் ஹென்றிக்கஸுக்கு, யூத வழி என்பதால், பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வெளியேற நேர்ந்தது. இயேசு சபையில் சேர்ந்து முத்துக்குளித்துறைக்கு வந்தார், தமிழ் கற்றார். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தந்தது. அவர் உயிரோடிருக்கும்போதே, 1593இல், அந்தச் சபையும் யூத, முஸ்லிம் வழியினருக்குக் கதவடைத்தது. அந்த விதி முழுதாக ஒழிய 1946 ஆயிற்று.

நம் சாதிகளைக் கண்ட போர்ச்சுக்கீசியர், குலத்துக்குத் தாங்கள் வழங்கிய 'காஸ்தா' என்ற சொல்லையே அவற்றுக்கும் இட்டார்கள். இங்கும் ஞானஸ்நானம் சாதியைக் கழுவவில்லை. வடக்கன்குளம் கோவிலுக்குள் சாதியாரைப் பிரித்த சுவர் 1910இல்தான் இடிந்தது. கல்லறையில் பிரித்த சுவர்களும் உண்டு.

ஆகவே ஒன்று கேட்கிறேன். மதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே யாராவது உன் தோழியிடம் “நீ எந்த வழி?” என்று கேட்டால், அவளைப் பதில் சொல்ல விடாதே. அந்தக் கேள்வி தவறு என்று நீ எழுந்து சொல். விடுமுறைக்கு வா, புன்னைக்காயல் போகலாம். ஹென்றிக்கஸ் 1600இல் கண்மூடியது அங்கேதான்.

அன்புடன்,
தாத்தா