ஒரு பெண் கண்ட கனவும் நம் பள்ளிவாசல் மாடியும்



நீதியான சமுதாயம் எப்படி இருக்கும் என்று 1905ல் ஒரு முஸ்லிம் பெண் கதையாக எழுதினார். வங்காளத்தைச் சேர்ந்த பேகம் ரொக்கையா. கதையின் பெயர் ‘சுல்தானாவின் கனவு’. அது அச்சானது நம்முடைய மதராஸில் வெளிவந்த ஒரு பெண்கள் பத்திரிகையில்!

அந்தக் கனவு நாட்டில் பெண்கள் பல்கலைக்கழகம் நடத்துகிறார்கள், சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள். ஆண்கள்? வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். சிரிக்கிறீர்கள். அது நீதி இல்லைதான். அதையே பெண்களுக்குச் செய்தபோது நமக்கு உறுத்தவில்லையே, அதைத்தான் அந்த அம்மா கேட்கிறார்.

எழுதியதோடு நிற்கவில்லை. கணவர் வஃபாத்தான பின், 1909ல் பாகல்பூரில் ஐந்து பெண் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் தொடங்கினார். 1911ல் கல்கத்தாவில் மறுபடி தொடங்கினார். தாம் பர்தாவை விடவுமில்லை. இன்றும் அந்தப் பள்ளிக்கூடம் நடக்கிறது.

இங்கே பொத்தேரி ஸ்டேஷனில் தினமும் இறங்கும் மாணவிகளில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். லுஹர் நேரத்தில் ஒளூ செய்து தொழ அவர்கள் எங்கே போவார்கள்? பள்ளிவாசலுக்கு வரும் பெண்களைத் தடுக்கக் கூடாது என்று பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொன்னது புகாரியிலும் இருக்கிறது, முஸ்லிமிலும் இருக்கிறது. நம் மாடியிலோ பழைய பாய்களும் சீரியல் பல்புகளும் கிடக்கின்றன.

மாடியைக் காலி செய்து, தனிப் படியும் தனி ஒளூ இடமும் அமைப்பது பற்றி இன்று இஷாவுக்குப் பிறகு நிர்வாகத்தார் பேச இருக்கிறார்கள். வருகிறவர்கள் வீட்டில் உம்மாவிடமும் மகளிடமும் கேட்டுவிட்டு வாருங்கள்.