வெறும் வீடியோதானே பார்த்தேன்? – மீடியா பிளேயர்களும் மெமரி ஓட்டைகளும்

மார்கழி பிறந்துவிட்டால் திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கத்து மொபைல்களுக்கு ஓய்வே கிடையாது. பகல் பத்து, மோகினி அலங்காரம், பரமபத வாசல் திறப்பு என்று ஒவ்வொன்றுக்கும் வீடியோ வரும். குடும்பக் குழுவில் ஒருவர் போட்டால் போதும். அரை மணி நேரத்தில் அது அமெரிக்காவில் இருக்கும் பேரன் வரை போய்ச் சேர்ந்துவிடும். முதலில் அதை எடுத்தவர் யார், எத்தனை கை மாறி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் இருக்கும் உறவினர் ஒருவர், கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். பார்த்தால், அதில் இருந்த விஎல்சி பிளேயர் 2013-ல் வெளிவந்த 2.1 பதிப்பு. கம்ப்யூட்டர் வாங்கியபோது சிடியிலிருந்து ஏற்றியதாம். அதன் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. “மாமா, முதலில் இதை மாற்றியாக வேண்டும்” என்றேன். “எக்ஸ்இ பைல் எதையும் நான் தொடறதே இல்லையேப்பா. வெறும் வீடியோதானே பார்க்கறேன், அதுல எப்படி வைரஸ் வரும்?” என்றார். அதே கம்ப்யூட்டரில்தான் அவர் தன் பென்ஷன் கணக்கையும் பார்க்கிறார்.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். நம்மில் பலரும் இதையே நம்பிக்கொண்டிருக்கிறோம். இதற்கான பதிலை இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

பிளேயர் என்ன செய்கிறது?

வீடியோ பைல் தானாக ஓடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதைப் படிக்கும் பிளேயர் ஒரு புரோகிராம். அது ஓடுகிறது. பைலில் உள்ளதைப் படித்து, அதன்படி முடிவுகள் எடுக்கிறது. வம்பு இங்கேதான் ஆரம்பம்.

எம்பி4 பைலை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரே துண்டு அல்ல. ரயில் பெட்டிகள் போலப் பல பெட்டிகள் கோர்த்த தொடர். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் இரண்டு விவரங்கள் இருக்கும். முதல் 4 பைட்டில் அந்தப் பெட்டியின் அளவு. அடுத்த 4 பைட்டில் நான்கு எழுத்தில் அதன் பெயர். படத்தின் அளவு, எத்தனை பிரேம், எந்தப் பிரேம் எங்கே இருக்கிறது, ஒலி எந்த முறையில் சுருக்கப்பட்டுள்ளது என்ற எல்லா விவரங்களும் இந்தப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன.

பிளேயர் முகப்பைப் படித்து, “இத்தனை பைட் வரப்போகிறது” என்று தெரிந்துகொண்டு, மெமரியில் அந்த அளவுக்கு இடம் ஒதுக்கும். பிறகு உள்ளே இருப்பதை அங்கே நகல் எடுக்கும். இப்படி ஒதுக்கிய இடத்துக்கு பஃபர் என்று பெயர். முகப்பில் எழுதியிருப்பது பொய்யாக இருந்தால் என்ன ஆகும்?

சத்திரத்துக் கணக்கு

பேருந்து நிலையத்துக்கே சத்திரம் என்று பெயர் வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு சத்திரத்தை விளக்க வேண்டியதில்லை. வரிசையாக அறைகள் உள்ள ஒரு சத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் மெமரி. ஒரு அறை ஒரு பைட். வைகுண்ட ஏகாதசிக்கு வருகிற ஒரு குழு, “நாங்கள் 8 பேர்” என்று கடிதம் எழுதுகிறது. மேனேஜர் 1 முதல் 8 வரை உள்ள அறைகளை ஒதுக்குகிறார்.

வந்து இறங்கியவர்களோ 12 பேர். மேனேஜர் தலையை எண்ணிப் பார்ப்பதில்லை. வந்தவர்களை வரிசையாக அறைக்கு ஒருவராக அனுப்பிக்கொண்டே இருக்கிறார். 9, 10, 11, 12-ம் அறைகளிலும் ஆள் நுழைந்துவிடுகிறார்கள். அந்த அறைகளில் ஏற்கெனவே இருந்தவை போய்விட்டன.

இதற்கு பஃபர் ஓவர்ஃப்ளோ என்று பெயர். பெரும்பாலும் இதனால் பிளேயர் நின்றுபோகும், அவ்வளவுதான். ஆனால் 9-ம் அறையில், “இந்த வேலை முடிந்ததும் அடுத்து எங்கே போக வேண்டும்” என்று மேனேஜர் தனக்காக எழுதி வைத்த சீட்டு இருந்தால்? உள்ளே நுழைந்தவர் அதைக் கிழித்துவிட்டு வேறு சீட்டு வைத்துவிடலாம். மேனேஜர் அதைத் தன் சீட்டு என்றே நம்பி, அதில் சொன்னபடி போவார். புரோகிராம்கள் ஸ்டாக் என்ற மெமரிப் பகுதியில் இப்படித்தான் சீட்டு எழுதி வைக்கின்றன. அந்தச் சீட்டை மாற்றத் தெரிந்தவர் பிளேயரைத் தன் விருப்பப்படி ஆட்டி வைக்கலாம். நீங்கள் எந்த எக்ஸ்இ பைலையும் க்ளிக் செய்யவில்லை. பிளேயரே வாசலைத் திறந்துவிட்டது.

சுற்றிக்கொள்ளும் எண்

“அளவை ஒரு தடவை சரிபார்த்தால் போதாதா?” என்று கேட்கலாம். போதாது. பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000 காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். 4 பைட்டில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 429,49,67,295. அதற்கு மேல் போனால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும்.

பைலில் “53,68,70,913 பதிவுகள் உள்ளன” என்று ஒருவர் வேண்டுமென்றே எழுதி வைக்கிறார். ஒரு பதிவுக்கு 8 பைட். பெருக்கினால் 429,49,67,304 வர வேண்டும். ஆனால் மீட்டர் சுற்றிவிடுவதால் பிளேயருக்குக் கிடைக்கும் விடை வெறும் 8! எட்டு பைட் மட்டும் ஒதுக்கிவிட்டு, பைலில் தகவல் தீரும் வரை எழுதிக்கொண்டே போகும். கணக்கு சரிபார்த்த மாதிரியே இருக்கும், ஆனால் இடம் போதாது. இதற்கு இன்டீஜர் ஓவர்ஃப்ளோ என்று பெயர்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அறையைக் காலி செய்தவர் சாவியைத் திருப்பித் தரவில்லை. அந்த அறையை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டாயிற்று. பழையவர் இரவில் வந்து கதவைத் திறக்கிறார். விடுவித்த மெமரியை மறுபடி பயன்படுத்துவதும், விடுவித்ததையே இரண்டாம் முறை விடுவிப்பதும் இந்த வகையைச் சேர்ந்தவை.

நிஜத்தில் நடந்தவை

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சில உதாரணங்கள்:

1. ஸ்டேஜ்ஃப்ரைட், 2015: ஆண்ட்ராய்டு மொபைல்களில் பாட்டும் வீடியோவும் படிக்கும் பகுதியின் பெயர் இது. சிம்பீரியம் நிறுவனத்தின் ஜோஷுவா டிரேக் இதில் பல ஓட்டைகளைக் கண்டுபிடித்து, 2015 ஜூலையில் வெளியே சொன்னார். இவற்றில் மேலே சொன்ன சுற்றும் எண் கோளாறும் உண்டு. எம்எம்எஸ் செய்தியில் வீடியோ வந்தால் போதும், மொபைல் அதைத் தானாக இறக்கிப் படிக்கும்போதே காரியம் முடிந்துவிடும். அந்த நிறுவனத்தின் மதிப்பீட்டில் சுமார் 95 கோடி கருவிகளுக்கு இந்த ஆபத்து இருந்தது. இதன் பிறகே கூகுள் மாதந்தோறும் ஆண்ட்ராய்டு பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது.

2. சப்டைட்டில், 2017: படத்தோடு வரும் வசன பைலைக் கூட விட்டுவைக்கவில்லை. விஎல்சி உள்பட நான்கு பிளேயர்களை சப்டைட்டில் பைல் மூலமே தாக்கலாம் என்று செக் பாயிண்ட் நிறுவனம் 2017 மே மாதம் காட்டியது.

3. வாட்ஸ்அப் அழைப்பு, 2019 மே: இது பைல் அல்ல, குரல் அழைப்பு. ஆனால் கோளாறு அதே பஃபர் ஓவர்ஃப்ளோதான். அழைப்பை எடுக்காவிட்டாலும் உளவு மென்பொருள் உள்ளே நுழைய முடிந்தது. உலகம் முழுவதும் சுமார் 1,400 கருவிகள் குறிவைக்கப்பட்டன. அவற்றில் இந்தியப் பத்திரிகையாளர்கள், மனித உரிமை ஆர்வலர்களின் மொபைல்களும் இருந்ததாக வாட்ஸ்அப் அதே ஆண்டு அக்டோபரில் தெரிவித்தது.

4. வாட்ஸ்அப் எம்பி4, 2019 நவம்பர்: நம் பாடத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். எம்பி4 பைலின் உள்விவரங்களைப் படிக்கும் இடத்தில் ஸ்டாக் பஃபர் ஓவர்ஃப்ளோ இருந்தது. அதன் பதிவு எண் சிவிஇ-2019-11931. ஆண்ட்ராய்டில் 2.19.274-க்கு முந்தைய பதிப்புகளும், ஐபோனில் 2.19.100-க்கு முந்தைய பதிப்புகளும் பாதிக்கப்படக் கூடியவை. இந்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் இதற்காக எச்சரிக்கை வெளியிட்டது. இந்த ஓட்டை வழியாக யாரும் பாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை என்று வாட்ஸ்அப் சொன்னது. அதிர்ஷ்டம்தான்.

5. விஎல்சி, 2019 ஜூன்: ஏவிஐ, எம்கேவி பைல்களைப் படிக்கும் பகுதிகளில் இருந்த கோளாறுகள் 3.0.7 பதிப்பில் சரிசெய்யப்பட்டன. அந்த ஒரே பதிப்பில் 30-க்கும் மேற்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள். ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்கு ஐரோப்பிய ஆணையம் பரிசு அறிவித்திருந்ததால் இத்தனையும் வெளியே வந்தன.

அடுத்த மாதமே விஎல்சியில் பெரிய ஓட்டை என்று ஜெர்மனியிலிருந்து ஒரு எச்சரிக்கை கிளம்பி உலகம் முழுவதும் பரவியது. விசாரித்தால், கோளாறு விஎல்சி பயன்படுத்தும் ஒரு துணை நூலகத்தில் இருந்தது. அதுவும் 16 மாதங்களுக்கு முன்பே சரிசெய்யப்பட்டது. சோதித்தவரின் கம்ப்யூட்டரில் பழைய நூலகம் இருந்திருக்கிறது. பழையதை மாற்றாமல் வைத்திருந்தால் தீர்ந்துபோன நோயும் திரும்ப வரும்.

ஏன் பிளேயர்களில் இத்தனை ஓட்டை?

காரணங்கள் மூன்று. முதலாவது, வேகம். ஒரு நொடிக்கு 25, 30 பிரேம்களை விரித்துக் காட்ட வேண்டும். அதனால் இவற்றைப் பெரும்பாலும் சி, சி++ மொழிகளில் எழுதுகிறார்கள். இந்த மொழிகளில் தலையை எண்ணிப் பார்க்கும் பொறுப்பு புரோகிராம் எழுதுபவருடையது. இரண்டாவது, எண்ணிக்கை. ஏவிஐ, எம்கேவி, எம்பி4, எஃப்எல்வி என்று எந்தக் காலத்து பைலையும் படிக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புரோகிராம் வரிகள். மூன்றாவது, பைல் வருவதே முகம் தெரியாதவர்களிடமிருந்து.

இப்போது சத்திரத்துக்கும் காவல் வந்திருக்கிறது. ஏஎஸ்எல்ஆர் என்ற முறையில் ஒவ்வொரு முறையும் அறை எண்கள் இடம் மாறும். சீட்டை வைக்க வந்தவருக்கு அறை தெரியாது. டிஇபி என்ற முறையில், தகவல் வைக்கும் அறையில் கட்டளை இருந்தாலும் அதை நிறைவேற்ற மாட்டார்கள். ஆண்ட்ராய்டு 2016-ல் வந்த 7-ம் பதிப்பிலிருந்து மீடியா வேலைகளைத் தனித்தனிக் கூண்டுகளில் அடைத்தது. ரஸ்ட் போன்ற மொழிகள் எல்லை தாண்டுவதையே அனுமதிப்பதில்லை. புதிய பகுதிகளை இப்படிப்பட்ட மொழிகளில் எழுதியதால், ஆண்ட்ராய்டு ஓட்டைகளில் மெமரி சார்ந்தவற்றின் பங்கு 2019-ல் 76 சதவீதமாக இருந்தது 2024-ல் 24 சதவீதமாகக் குறைந்ததாக கூகுள் கூறியுள்ளது. ஆனால் இந்தக் காவல் எல்லாம் புதிய பதிப்பு வைத்திருப்பவர்களுக்குத்தான்.

தடை வந்தபோது

2022 பிப்ரவரி முதல் விஎல்சியின் அதிகாரபூர்வ தளம் இந்தியாவில் பல இணைய இணைப்புகளில் திறக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில்தான் தடை நீங்கியது. இப்படி நேரும்போது வேறு ஏதாவது தளத்திலோ, நண்பரின் பென் டிரைவிலோ கிடைத்ததை ஏற்றிக்கொள்ளத் தோன்றும். அது பழைய பதிப்பாக இருக்கலாம், யாரோ கை வைத்ததாகவும் இருக்கலாம். அன்று வேறு வழியில் ஏற்றியவர்கள் இப்போதாவது வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. விஎல்சியைத் திறந்து ஹெல்ப் மெனுவில் அபவுட் என்பதை க்ளிக் செய்து, பதிப்பு எண்ணைப் பாருங்கள். அதே மெனுவில் செக் ஃபார் அப்டேட்ஸ் இருக்கிறது. அதையும் க்ளிக் செய்யுங்கள்.

2. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ் பகுதிக்குப் போய், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்பதைத் திறங்கள். மீடியா தானாக இறங்குவதற்கான பகுதியில் மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் வீடியோவுக்கு உள்ள டிக் குறியை எடுத்துவிடுங்கள். டேட்டாவும் மிச்சமாகும்.

3. பயன்படுத்தாத பழைய பிளேயர்கள், கோடெக் தொகுப்புகளை நீக்கிவிடுங்கள். திறக்காத கதவுக்குக் காவல் போட வேண்டாம், அதை அடைத்துவிடுவதே மேல்.

4. “இந்த வீடியோவைப் பார்க்க இந்தக் கோடெக்கை ஏற்றுங்கள்” என்று எந்தத் தளம் சொன்னாலும் ஏற்றாதீர்கள்.

5. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையும் கவனியுங்கள். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டன.

6. வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கும் பழைய ஆண்ட்ராய்டு மொபைலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டதா என்று பாருங்கள். நின்றிருந்தால் அதை வீடியோ பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, வங்கி வேலைகளை வேறு மொபைலுக்கு மாற்றுங்கள்.

ஒரு சிறு பயிற்சி

நீங்களே மொபைலில் எடுத்த ஒரு சிறிய எம்பி4 பைலை கம்ப்யூட்டரில் நகல் எடுங்கள். ஓரிரு எம்பி அளவு போதும். அதை நோட்பேடில் திறங்கள். புரியாத குறிகளாகக் கொட்டும். பயப்பட வேண்டாம். முதல் வரியின் ஆரம்பத்திலேயே எஃப், டி, ஒய், பி என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் தெரியும். அதுதான் முதல் பெட்டியின் பெயர். அதற்கு முன்னால் இருக்கும் 4 பைட் அதன் அளவு. பார்த்த பிறகு சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள்.

அந்த நான்கு பைட்டை எழுதியவர் உண்மை பேசுகிறார் என்று பிளேயர் நம்பியதில்தான் இவ்வளவு கதையும். இனி யாராவது “வெறும் வீடியோதானே” என்று சொன்னால், இந்த முதல் வரியைத் திறந்து காட்டுங்கள். சித்திரை வீதி மாமாவுக்கு நான் அதைத்தான் காட்டினேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, புதுசையே ஏத்திடு. அப்படியே உங்க மாமி போனையும் பார்த்துடு” என்றார்.