மணப்பெண்ணின் முக்காடு: எந்தத் திருமணத்துக்கு எது பொருந்தும்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் மணப்பெண் தலைக்குத் துணியிடும் முறை மதத்துக்கு மதம் வேறுபடுகிறது. கிறிஸ்தவ மணப்பெண் புடவையின் மேல் மெல்லிய நெட் துணியில் முக்காடு போடுகிறாள். முஸ்லிம் மணப்பெண் புடவைத் தலைப்பாலோ தனித் துப்பட்டாவாலோ தலையை மூடுகிறாள். இந்து மணப்பெண் முகூர்த்தத்தில் தலையை மூடுவதில்லை. மாலை வரவேற்பில் லெஹங்காவோடு துப்பட்டா அணிவது அண்மைக்கால வழக்கம். எனவே அழகைப் பார்ப்பதற்கு முன், அந்தத் துணி எந்தச் சடங்கின் நடுவில் இருக்கப்போகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

நெட் முக்காடு ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1840-இல் விக்டோரியா அரசி வெள்ளை உடையும் லேஸ் முக்காடும் அணிந்து மணம் செய்துகொண்ட பிறகு வெள்ளை மண உடை அங்கே பெருவழக்காயிற்று. இந்தப் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வெள்ளை முக்காடு வேறொரு வகையிலும் நெருக்கமானது. 1877-இல் பிரான்சிலிருந்து வில்லியனூருக்கு வந்த சுரூபம் லூர்து அன்னையுடையது; லூர்து நகரில் 1858-இல் பெர்னதெத் என்ற சிறுமி கண்ட அன்னை வெண்ணிற முக்காடும் நீல இடைக்கச்சையும் அணிந்திருந்தார்.

ஆனால் கடையில் விற்கும் முக்காடு தாலியும் மாலையும் இல்லாத திருமணத்துக்காக வடிவமைக்கப்பட்டது. தமிழ்க் கிறிஸ்தவத் திருமணத்தில் இரண்டும் உண்டு. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தாலிக்கயிறு பிடரியில் முடிச்சுப் போடப்படுகிறது. முக்காடு விழுவதும் அதே பிடரியில். இரண்டடுக்கு நெட் என்றால் மாப்பிள்ளையின் விரல்கள் துணிக்குள் சிக்கும், முடிச்சில் நெட்டும் சேர்ந்து இறுகும். அடுத்து மாலை. ரோஜா மாலையின் சரிகை இழைகளும் காம்புகளும் நெட்டின் கண்களில் மாட்டி, மாலையைக் கழற்றும்போது முக்காட்டையும் இழுத்துவிடும். ஓரத்தில் மணியும் கல்லும் தைத்த முக்காட்டில் இது இன்னும் மோசம்.

நீளத்தில் நான்கு அளவுகள் கிடைக்கின்றன. முழங்கை வரை வருவது ஏறத்தாழ 30 அங்குலம். விரல்நுனி வரை வருவது 36 முதல் 40. தரையைத் தொட்டுச் சற்றே புரள்வது 90. பீடத்துக்குப் போகும் வழியெல்லாம் இழுபடுவது 108-க்கும் மேல். நீண்ட முக்காடு புகைப்படத்தில் கம்பீரமாக இருக்கும் என்பது உண்மை. அதற்கு நீளமான நடுப்பாதையும், வழவழப்பான தரையும், பின்னால் தூக்கி வர இரண்டு பிள்ளைகளும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறாகிக் கிடக்கும் கிராமத்து ஆலய முற்றத்தில் அது பத்தடி நடப்பதற்குள் அழுக்காகிவிடும். புடவை கட்டும் மணப்பெண்ணுக்கு விரல்நுனி நீளம், ஓரடுக்கு, முகத்தை மூடும் முன்பகுதி இல்லாதது, ஓரத்தில் மெல்லிய சாட்டின் நாடா மட்டும் வைத்தது: இதுவே ஏற்றது. பட்டுப்புடவையின் கரையும் தலைப்பும் அதன் ஊடே தெரியும். கவுனுக்கு மட்டும் தரைநீளம் எடுபடும்.

முக்காட்டுச் சீப்பைக் கொண்டைக்கு மேலே செருகி, மல்லிகைச் சரத்தைக் கொண்டைக்குக் கீழே சுற்றுவது நல்லது. பூவைத் தண்ணீர் தெளித்து அப்படியே வைத்தால் நெட் நனைந்து முதுகில் ஒட்டும். ஈரம் உதறிய பிறகு வைக்க வேண்டும். தாலி கட்டும் வேளையில், பின்னால் நிற்கும் நாத்தனாரோ தோழியோ முக்காட்டை ஒரு கையில் திரட்டி இடது தோளின் வழியே முன்னால் போட்டுவிட்டால் பிடரி திறந்துவிடும். மூன்று முடிச்சும் விழுந்த பின் பழையபடி விடலாம். இதை யார் செய்வது என்று முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

வில்லியனூரை ஒட்டிய சுல்தான்பேட்டை போன்ற இடங்களில் நிக்காஹ்வுக்கு முஸ்லிம் மணப்பெண்ணின் முன் இருக்கும் தேர்வு வேறு. பட்டுப்புடவைத் தலைப்பையே முக்காடாக இழுத்து விடுவது எளிது, செலவில்லாதது; ஆனால் சரிகை கனத்தில் தலைப்பு வழுக்கிக்கொண்டே இருக்கும். தனித் துப்பட்டா நிலையாக நிற்கும். அதிலும் ஜார்ஜெட் பிடிப்பு உள்ளது, சாட்டின் வழுக்கும், நெட் மட்டும் போட்டால் தலைமுடி தெரியும். ஹிஜாப் கட்டி அதன்மேல் துப்பட்டா போடுவதானால் உள்ளே பருத்திக் குல்லாய் அவசியம். கடலோரப் புழுக்கத்தில் பாலியஸ்டர் குல்லாய் வியர்வையை உறிஞ்சாது. கல்வேலை செய்த கனமான துப்பட்டாவின் பாரம் தலை ஊசிகளில் தொங்கினால் தலைவலிதான் மிஞ்சும். இரு தோள்களிலும் ரவிக்கையோடு சேர்த்துக் குத்தினால் பாரம் தோளுக்கு இறங்கும். கருகமணி கட்டும் வழக்கமுள்ள குடும்பங்களில் கழுத்துப் பக்கம் ஊசி குத்தாமல் விடுவது வசதி.

இந்துத் திருமண முகூர்த்தத்துக்கு நெற்றிச்சுட்டியும் பூஜடையுமே முழுமையான தலை அலங்காரம். அதன்மேல் துப்பட்டா சேர்த்தால் ஜடை மறைந்துவிடும். வரவேற்பில் போடுவதானால் தலையில் நிற்க ஒன்று, தோளில் விழ ஒன்று என்று இரண்டாகப் போடுவதைவிட, ஒரே துப்பட்டாவை ஒரு தோளில் மடித்துக் குத்துவது மேடையில் வருவோரோடு நின்று பேச இலகு.

நிறத்தைக் குழல்விளக்கில் முடிவு செய்யக் கூடாது. சந்தன நிறப் புடவையின் மேல் தூய வெள்ளை நெட் நீலம் பூத்தாற்போலத் தெரியும். கடை வாசலுக்குக் கொண்டுவந்து, புடவையின் மேல் விரித்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

முக்காட்டு நெட்டுக்குப் பயன்படும் நைலான், பாலியஸ்டர் இரண்டும் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். குத்துவிளக்கோ மெழுகுவர்த்தியோ ஏற்றும்போது முக்காட்டின் முனையை ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓமகுண்டத்தின் முன் இந்தத் துணிகள் வேண்டவே வேண்டாம்.

ஒப்பனைக்காரர்கள் வாடகைக்குத் தரும் முக்காட்டில் சீப்பின் பற்கள் உடைந்திருக்கின்றனவா, நெட்டில் எண்ணெய்க் கறை உள்ளதா என்று முன்கூட்டியே பார்ப்பது நல்லது. சொந்தமாக வேண்டுமென்றால் 60 அங்குல அகல நெட் ஒன்றேகால் மீட்டர் போதும். உள்ளூர்த் தையற்காரர் அதைச் சுருக்கி, நான்கு அங்குலச் சீப்பில் தைத்துத் தருவார்.