மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

'நாஃபா' உடலுறுதித் தேர்வு நெருங்கும்போது பள்ளித் திடலில் நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். பல மாதங்களாக ஓடாதவர்கள் திடீரென்று தினமும் 2.4 கிலோமீட்டர் ஓடத் தொடங்குவார்கள். முதல் வாரம் மூச்சு வாங்கும். இரண்டாம் வாரம் சற்று எளிதாகும். மூன்றாம் வாரம் 'ஓட்டம் பழகிவிட்டது' என்ற நம்பிக்கையில் தூரத்தை இரட்டிப்பாக்குவார்கள். அடுத்த சில நாள்களில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையிலுள்ள எலும்பில் வலி தொடங்கும். அவர்களில் சிலர் தேர்வு நாளன்று திடலோரத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்ப்பார்கள்.

மூச்சு எளிதான பிறகு கால் ஏன் வலிக்கிறது? உடலின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் பயிற்சிக்குப் பழகுவதில்லை என்பதே காரணம். எது விரைவாகப் பழகும், எது தாமதமாகப் பழகும் என்று தெரிந்துகொண்டால், காலணி வாங்குவது முதல் தூரத்தைக் கூட்டுவது வரை எல்லாவற்றையும் நீங்களே சரியாகத் திட்டமிடலாம்.

விரைவாகப் பழகுபவை: இரத்தமும் தசையும்

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவரின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறுகிறது. பெருக்கிப் பாருங்கள்: நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர். வேகமாக ஓடும்போது இதே இதயம் நிமிடத்திற்கு 20 லிட்டர் அளவுக்கு இரத்தத்தை அனுப்பும். கால் தசைகளுக்குத் தேவையான ஆக்சிஜன் அப்படித்தான் போய்ச் சேருகிறது.

பயிற்சி தொடங்கி ஓரிரு வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா அதிகரிக்கிறது. அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை அனுப்ப முடிகிறது. அடுத்த சில வாரங்களில் தசைச் செல்களுக்குள் ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்டிரியா பெருகுகிறது. தசையைச் சுற்றி நுண்ணிய இரத்தக் குழாய்களும் கூடுகின்றன. மூன்றாம் வாரம் மூச்சு வாங்குவது குறைந்ததற்கு இவையெல்லாம் காரணம். அது பொய்யான முன்னேற்றமன்று. ஆனால் உடலின் ஒரு பகுதியில் மட்டும் ஏற்பட்டுள்ள முன்னேற்றம்.

தாமதமாகப் பழகுபவை: எலும்பும் தசைநாணும்

ஓடும்போது ஓர் அடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 2.4 கிலோமீட்டருக்கு 2,400 அடிகள். ஒவ்வொரு காலும் 1,200 முறை தரையில் மோதுகிறது. ஒவ்வொரு மோதலிலும் உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு விசை காலில் ஏறுகிறது.

எலும்பு இந்த விசைக்குப் பதில் சொல்லக்கூடிய உயிருள்ள பொருள். சுமை விழும் இடத்தில் எலும்பு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது என்பதை 1892ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் ஒரு விதியாக எழுதினார். பல ஆண்டுகள் டென்னிஸ் விளையாடுவோரின் கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டையைப் பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையின் எலும்பைவிடத் தடித்திருக்கும்.

ஆனால் இந்தத் திருத்தம் நடக்கும் வரிசை முக்கியம். முதலில் ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள் நுண்ணிய விரிசல் விழுந்த பழைய எலும்பைக் கரைத்து அகற்றுகின்றன. இதற்குச் சில வாரங்கள் ஆகும். பிறகு ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் செல்கள் அந்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டுகின்றன. இதற்கு மூன்று, நான்கு மாதங்கள் வரை ஆகலாம். வீட்டைப் பழுதுபார்ப்பவர்கள் பழைய சுவரை இடித்துவிட்டுத்தானே புதிய சுவரை எழுப்புகிறார்கள்? இடித்த பிறகு, கட்டி முடியும் வரை, அந்த இடம் முன்பைவிட வலுக்குறைந்திருக்கும்.

இப்போது முதல் பத்தியில் பார்த்த மூன்றாம் வாரத்தை நினைத்துப் பாருங்கள். மூச்சு தயார், தசை ஓரளவு தயார், எலும்போ பழையதை இடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் முதலில் எலும்பைச் சுற்றி வலி வரும். அதையும் பொருட்படுத்தாமல் ஓடினால் எலும்பில் அழுத்த முறிவு ஏற்படலாம். தொடக்கத்தில் இந்த மெல்லிய முறிவு எக்ஸ்ரே படத்தில் தெரியாமலும் போகலாம்.

தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் இப்படித்தான். குதிகாலுக்கு மேலே கயிறுபோலத் தட்டுப்படுகிறதே, அதுதான் உடலிலேயே தடித்த தசைநாண். ஒவ்வோர் அடியிலும் அது சுருள்வில்லைப்போல் நீண்டு சுருங்குகிறது. தசையைவிட அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அது வலுப்பெறவும் மாதக்கணக்கில் ஆகும்.

காலணி எதைச் செய்யும், எதைச் செய்யாது?

நல்ல காலணி மோதலைச் சற்று மென்மையாக்கும், காலைத் தேய்ப்பிலிருந்து காக்கும். எலும்புக்குத் தேவைப்படும் மாதங்களை எந்த விலையுள்ள காலணியாலும் குறைக்க முடியாது. எனவே விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். கடையிலேயே அணிந்து சிறிது தூரம் நடந்து, மெதுவாக ஓடிப் பாருங்கள். உறுத்தாமல் இருப்பதே முதல் தகுதி.

மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் வீங்கும். அதனால் மாலை நேரத்தில், ஓடும்போது அணியும் காலுறையோடு சென்று வாங்குவது நல்லது. நின்றபடி பார்க்கும்போது நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். குதிகால் நழுவக்கூடாது.

பெரும்பாலான ஓட்டக் காலணிகளின் நடு அடுக்கு, நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்த நுரைப்பொருளால் ஆனது. பல்லாயிரம் முறை நசுங்கிய பிறகு குமிழிகள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது ஓட்டக்காரர்களின் கணக்கு. வாரத்திற்கு 8 கிலோமீட்டர் ஓடினால் 500 கிலோமீட்டரை எட்ட 62 வாரங்களுக்குச் சற்று மேல் ஆகும். வளரும் வயதில் அதற்குள் உங்கள் கால் பெரிதாகிவிடலாம். அளவை அடிக்கடி சரிபாருங்கள்.

நம் ஊரின் ஈரப்பதத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆன அடிப்பாகம், காற்றிலுள்ள நீருடன் மெல்ல வினைபுரிந்து சிதைகிறது. அலமாரியில் சில ஆண்டுகள் பத்திரமாக வைத்த காலணி, அணிந்த அன்றே அப்பம்போல் உதிர்வது இதனால்தான். அண்ணன் விட்டுச்சென்ற பழைய காலணியைப் போட்டுக்கொண்டு தேர்வுக்குப் போவதற்கு முன் நன்றாக அழுத்திப் பாருங்கள்.

பத்து வாரத் திட்டம்

வாரத்தில் 3 நாள் மட்டும் ஓடுங்கள். இடையில் குறைந்தது ஒரு நாள் விடுங்கள். ஒவ்வொரு முறையும் 5 நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கிக்கொண்டு தொடங்குங்கள்.

1, 2ஆம் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை.
3, 4ஆம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 முறை.
5, 6ஆம் வாரம்: 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 5 முறை.
7, 8ஆம் வாரம்: 6 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 3 முறை.
9, 10ஆம் வாரம்: 20 நிமிடம் தொடர்ந்து ஓட்டம்.

ஓடும் நேரம் 8, 12, 15, 18, 20 நிமிடம் என்று படிப்படியாகவே ஏறுவதைக் கவனியுங்கள். 4ஆம் வாரம் 'இது மிக எளிது' என்று தோன்றும். தோன்ற வேண்டும். அந்த எளிமையில்தான் எலும்பு தன் வேலையைச் செய்து முடிக்கிறது. 10 வாரத்திற்குப் பிறகும் வாரத் தூரத்தை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்குமேல் கூட்டாதீர்கள். இது இயற்கை விதியன்று. அவசரத்தைத் தடுக்கும் ஒரு கைக்கணக்கு. முதலில் தூரம், பிறகு வேகம். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம்.

எவ்வளவு வேகத்தில் ஓடுவது? ஓடிக்கொண்டே ஒரு திருக்குறளைச் சொல்லிப் பாருங்கள். இரண்டடியையும் தடுமாறாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. முதல் அடியிலேயே மூச்சு முட்டினால் வேகத்தைக் குறையுங்கள்.

வெயிலும் வியர்வையும்

50 கிலோகிராம் எடையுள்ள மாணவர் 2.4 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 500 கிலோஜூல் ஆற்றலைச் செலவிடுகிறார். அதில் முக்கால் பங்கு, அதாவது 375 கிலோஜூல், வெப்பமாகிறது. உடலின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த, ஒரு கிலோகிராமுக்குச் சுமார் 3.5 கிலோஜூல் போதும். அந்த வெப்பம் முழுவதும் உள்ளேயே தங்கினால் உடல் வெப்பநிலை 2 டிகிரிக்கும் மேல் உயர்ந்துவிடும்.

வியர்வை ஆவியாகும்போது அந்த வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆனால் சிங்கப்பூரின் காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுதி. வியர்வை ஆவியாகாமல் சொட்டினால் உடல் குளிராது. எனவே வெயில் தணிந்த நேரத்தில் ஓடுங்கள், தாகத்திற்குத் தண்ணீர் குடியுங்கள். உடல் வெப்பத்திற்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் தேவை. தலைசுற்றல், குமட்டல், தலைவலி வந்தால் உடனே நின்று நிழலுக்குச் செல்லுங்கள். நண்பர் ஒருவர் குழம்பிப் பேசினாலோ மயங்கி விழுந்தாலோ 995ஐ அழைத்துவிட்டு, அவர் உடலை நனைத்து விசிறுங்கள். இடி கேட்டால் உள்ளே சென்றுவிடுங்கள். புகைமூட்டக் காலத்தில் பிஎஸ்ஐ 100ஐத் தாண்டினால் நீண்ட நேரம் வெளியே ஓட வேண்டாம். காய்ச்சலோடு ஒருபோதும் ஓடாதீர்கள். அது இதயத்தைப் பாதிக்கக்கூடும். ஆஸ்துமா இருந்தால் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எந்த வலிக்கு நிற்க வேண்டும்?

ஓடிய மறுநாள் இரண்டு தொடைகளிலும் பரவலாக வலித்து, இரண்டு, மூன்று நாளில் மறைந்தால் அது தசை பழகும் வலி. 'லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது' என்று பலர் சொல்வார்கள். அது ஓட்டம் முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே நீங்கிவிடும். மறுநாள் வலிக்குத் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமே காரணம்.

எலும்பில் ஒரே புள்ளியில் வலித்தால், விரலால் அழுத்தும்போது கூர்மையாக உறுத்தினால், நடக்கும்போதும் இரவிலும் தொடர்ந்தால், ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். 'பல்லைக் கடித்துக்கொண்டு ஓடு' என்ற அறிவுரை இந்த வலிக்குப் பொருந்தாது. போதிய உணவும் உறக்கமும் இல்லாவிட்டால் எலும்பைக் கட்டும் வேலை நடக்காது. உங்கள் வயதில் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. பயிற்சிக் காலத்தில் மாதவிடாய் நின்றுபோனால், உடலுக்கு உணவு போதவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம். மாணவிகள் அதைப் பெற்றோரிடமோ மருத்துவரிடமோ தயங்காமல் சொல்ல வேண்டும்.

செய்து பாருங்கள்

காலையில் கண்விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன், மணிக்கட்டில் நாடித்துடிப்பை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பத்து வாரமும் அந்த எண்ணைக் குறித்து வரைபடம் வரையுங்கள். பலருக்குக் கோடு மெல்லக் கீழிறங்கும். ஒருநாள் வழக்கத்தைவிட மிகவும் உயர்ந்திருந்தால் முந்தைய இரவு எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள், காய்ச்சல் வருகிறதா என்று பாருங்கள். கோடு இறங்குவது இதயம் பழகிவிட்டதைத்தான் காட்டும். எலும்பு பழகியதைக் காட்டும் கோடு அந்தத் தாளில் இல்லை. அதற்கு நாள்காட்டியில் வாரங்களைத்தான் எண்ண வேண்டும்.