கண்ணாடித் தொட்டியும் கொத்மலை நீரும்

சங்கத்தார் இம்மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனக் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியப் பொருளெதனையேனும் எடுத்துக்கொள்வேன் என்றே அன்பர்கள் எண்ணியிருப்பர். ஆயின் ஈண்டு எழுதப் புகுவது பாசியைப் பற்றியது. மலைநாட்டுத் தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியரொருவர் தமக்குரிய ஒரு பாடத்தோடு நின்றுவிடுதல் அரிது. எமது விஞ்ஞான ஆசிரியர் மாற்றம் பெற்றுச் சென்றபின், அறையின் மூலையிற் கிடந்த மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி என் பொறுப்பில் வந்தது. ஒளித்தொகுப்பின்போது ஒட்சிசன் வெளிப்படுதலைக் காட்டுவதற்கு ஐதரில்லாச் செடி வேண்டும். அச்செடியை அத்தொட்டியில் வளர்த்துக்கொள்ள வேண்டும். வேலை அவ்வளவே என எண்ணினேன்.

செய்த பிழைகளை மறையாது கூறுகின்றேன். அட்டன் பக்கத்தில் மூடுபனி மிகுதியாதலின், செடிக்கு ஒளி போதாதென்று கருதித் தொட்டியைக் கிழக்குச் சாளரத்தின் கீழ் வைத்தேன். அடியிலே தேயிலைத் தவறணையிலிருந்து கொணர்ந்த உரமிட்ட மண்ணைப் பரப்பினேன். மீன்களின் மீதுள்ள அன்பினாற் பிள்ளைகள் இடைவேளைதோறும் பாண் துண்டுகளை இட்டனர். மூன்றாம் வாரத்தில் நீர் பசுங்குழம்பாயிற்று. ஐதரில்லா அதனுள் மறைந்து, கீழிலைகளை உதிர்த்துத் தண்டு மெலிந்தது.

அடுத்த பிழை பெரிது. தேயிலையின் கொப்புள நோய் 1946 இல் இலங்கையை எட்டியதன் பின், செப்புக் கலந்த பங்கசுநாசினி மலைநாட்டார்க்குப் பழகிய பொருளாயிற்று. செப்பு பாசியையும் கொல்லும் என எங்கோ படித்த நினைவு எனக்கிருந்தது. அளவறியாது ஒரு சிட்டிகை இட்டேன். மறுநாள் நத்தைகள் ஓட்டினின்று வெளித்தொங்கின. மூன்றாம் நாள் கப்பி மீன்கள் நீர்மட்டத்தில் வாய்திறந்து தவித்து ஒவ்வொன்றாய் மடிந்தன. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றைப் பாடசாலை வேலியோரம் புதைத்தனர். "பாசிதானே சேர் சாகவேண்டும்?" என்றாள் ஒரு சிறுமி. அன்று அவளுக்கு விடையிறுக்க என்னிடம் அறிவு இருக்கவில்லை.

பின்னர்த் தேடிக் கற்றது இது. எமது மலையருவி நீர் மென்னீர். கல்சியம் முதலிய உப்புக்கள் அதிற் குறைவு. வன்னீரில் மீன் தாங்கிக்கொள்ளக்கூடிய செப்பு, மென்னீரில் அதனைக் கொன்றுவிடும். அன்றியும், ஒருங்கே இறந்த பாசி அழுகுங்கால் நீரிலுள்ள ஒட்சிசனைப் பற்றீரியாக்கள் உறிஞ்சிவிடுகின்றன. நஞ்சுக்குத் தப்பிய மீனும் மூச்சின்றி மடிகின்றது. அழுகிய பாசியிலிருந்த நைதரசனும் பொசுபரசும் எங்கே போயின? மீண்டும் நீருக்கே வந்தன. ஆகவே இரு வாரத்தில் அடுத்த பாசி தோன்றியது.

குறுந்தொகையின் 399 ஆம் பாடலிற் பரணர், தலைவியின் பசலையைக் கேணித்துறைப் பாசிக்கு ஒப்பிடுகின்றார். தலைவன் தொடுந்தோறும் பசலை விலகும். விடுந்தோறும் வந்து பரவும். பலமுறை வகுப்பிற் கற்பித்த பாடல்தான். எனினும் தொட்டியைக் கையாற் சுரண்டித் துடைத்து, மறுவாரம் அதே பச்சையைக் கண்டபொழுதே புலவரின் கண் எத்துணைக் கூரியது என்பதை உணர்ந்தேன். பாசியை விலக்கல் எளிது. அது திரும்பி வருதற்குக் காரணமானதை நீக்காதவரை அது வந்துகொண்டே இருக்கும்.

அக்காரணம் யாது? ஒளியும் உணவுமேயாம். வேர்விட்டு நிற்கும் செடிக்கும் பாசிக்கும் வேண்டுவன அவையே. செடி மெல்ல உண்பது. பாசியோ ஒரு கலமாயிருந்து விரைவிற் பெருகுவது. செடி உண்டு மிஞ்சியதெல்லாம் பாசிக்கு விருந்து. மீனின் கழிவிலும் எஞ்சிய இரையிலுமிருந்து அமோனியா உண்டாகின்றது. ஒருவகைப் பற்றீரியா அதனை நைதரைற்றாகவும், இன்னொரு வகை நைதரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை புதுத் தொட்டியில் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதற்கிடையில் மீன்களை நிறைத்தலும் இரையைக் கொட்டுதலும் ஆகா.

இவ்வறிவோடு தொட்டியை மீளத் தொடங்கினோம். செப்பேறிய மண்ணையும் நீரையும் முற்றாக அகற்றி, கழுவிய ஆற்றுமணலை மூன்று விரற்கடை உயரத்துக்கு இட்டோம். தொட்டியைச் சாளரத்தினின்று விலக்கி, வெயில் விழும் பக்கத்திற் கறுப்புத் துணியொன்றைத் தொங்கவிட்டோம். நாள்தோறும் ஏழு மணிநேரம் மட்டும் விளக்கொளி. இங்கு மாணவர் வியந்த செய்தி யாதெனின், முதலிலேயே செடிகளை அடர்த்தியாக நட்டமையாகும். செடி குறைந்திருந்தாற் பாசி குறையும் என்றே அவர்கள் எண்ணியிருந்தனர். இரை, மீன்கள் இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே. வாரமொருமுறை றப்பர்க் குழாயாற் கழிவை உறிஞ்சி, காற்பங்கு நீரை மாற்றினோம். வடிகட்டிப் பஞ்சை அவ்வாறு எடுத்த தொட்டி நீரிலேயே அலசவேண்டும். குளோரீன் கலந்த குழாய்நீரில் அலசின் நற்பற்றீரியாக்கள் இறந்துவிடும். நகரத்துக் குழாய்நீரை ஒருநாள் திறந்துவைத்த பின்னரே தொட்டியில் ஊற்றுவது நன்று.

கண்ணாடியிற் கபிலநிறப் படலம் படிந்தால் அஞ்சவேண்டியதில்லை. அது தயற்றம், புதுத் தொட்டிகளில் வந்து தானே மறையும். நூற்பாசியைக் குச்சியிற் சுற்றி எடுக்கலாம். நாற்றமுள்ள வழுவழுப்பான நீலப்பச்சைப் படலமே கவனத்துக்குரியது. அதனை அல்கா எனப் பழைய நூல்கள் கூறினும், அஃது உண்மையிற் பற்றீரியா இனமே.

செடிகளுள், இலங்கை நீரோடைகளுக்கே உரிய கிரிப்டோகோரைன் வகைகளை உலகெங்கும் மீன்தொட்டி வளர்ப்போர் விரும்புவர். இடமாற்றினால் அதன் இலைகள் கரைந்துபோகும், செத்ததென்று எறிந்துவிடலாகாது. கிழங்கு உயிரோடிருந்து சில வாரத்தில் மீளத் தளிர்க்கும். நுவரெலியாக் குளிரில் அது மிக மெல்லவே வளரும். எமக்கு ஐதரில்லாவே கைகொடுத்தது. ஓடையிலுள்ளதைப் பிடுங்காது, வளர்ப்போரிடம் பெறுதலே முறை.

ஐந்தாம் வாரத்திற் கவிழ்த்த புனலின் மேலிருந்த சோதனைக் குழாயில் வாயு ஒருவிரல் அளவு சேர்ந்தது. தணற்குச்சி அதிற் சுடர்விட்டது.

இனித் தொட்டிக்கு வெளியே வருவோம். ஆளுநர் சேர் வில்லியம் கிரெகரி காலத்தில் 1873 இல் உருவான நுவரெலியா வாவியின் நீர் நானுஓயாவில் இறங்கி, கொத்மலை ஓயாவிற் கலந்து, 1985 இல் நிறைவெய்திய கொத்மலை நீர்த்தேக்கத்தை அடைகின்றது. வழிநெடுகத் தேயிலை மலைகள், மரக்கறிப் பாத்திகள், குடியிருப்புக்கள். மழை கழுவிய உரமும் கழிவும் அந்நீரோடு செல்கின்றன. 1991 இல் அந்நீர்த்தேக்கம் மைக்குரோசிசுற்றிசு என்னும் நீலப்பச்சை இனத்தாற் பச்சையாயிற்று. 1999 இற் கண்டி வாவியிலும் அதுவே பரந்தது. விஞ்ஞானிகள் இதனை நற்போசணையாக்கம் என்பர். சொல் இனிது, விளைவு கொடிது. அவ்வினம் ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்க வல்லது. நீரைக் கொதிக்கவைத்தாற் கிருமிகள் சாகும், இந்நஞ்சு அழியாது. கொதிநீரே காப்பென்று பிள்ளைகளுக்குக் கூறிவரும் நாம், பச்சைப் படலம் மிதக்கும் நீரை மொள்ளவே கூடாது என்பதனையும் கூறவேண்டியவராவோம்.

இதனைக் கேட்ட அச்சிறுமி, "கொத்மலைக்கு எந்தத் துணியைத் தொங்கவிடுவது சேர்?" என்றாள். இம்முறை விடை இருந்தது. அங்கே ஒளியை மறைக்க இயலாது. உணவைக் குறைக்க இயலும். உரத்தை ஒரேமுறை கொட்டாது சிறிது சிறிதாய் இடுதல், பெருமழைக்கு முன் இடாதிருத்தல், ஓடையின் இருகரையிலும் புல்லையும் செடியையும் வெட்டாது விடுதல், மலசலகூடக் குழியை நீரோட்டத்துக்கு எட்ட வைத்தல் என்பனவே அவ்வழிகள்.

அவள் தந்தையாரின் லீக்ஸ் பாத்தி ஓடைக்கு மேலேயுள்ள சரிவில் இருக்கின்றது. சென்ற பருவத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்த நாளொன்றில், அவிழ்த்த உர மூட்டையை அவர் மீளக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று மறுநாட் காலை வகுப்பிற் கூறினாள்.