மைக் வாங்குமுன் ஒரு பாடம்



நம்மவர் கடைகளில் இன்று ஒரு புதிய பழக்கம் பரவி வருகின்றது. ஜவுளிக்காரர் தமது புதுச்சரக்கின் தரத்தைக் குரலிலே பதிந்து வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்புகின்றார். இளைஞர்கள் 'பாட்காஸ்ட்' என்னும் வலையொலி நடத்துகின்றனர். பெரியோர்களின் அனுபவங்களை அவர்கள் வாய்மொழியாகவே பதிந்து வைக்கும் ஆவலும் வளர்ந்திருக்கின்றது. யாவும் நல்ல காரியங்களே. ஆனால் "எந்த மைக் வாங்குவது?" என்ற கேள்வி எழுந்தவுடன், விலை உயர்ந்ததே நல்லது என்று முடிவு கட்டிவிடுகின்றோம். அந்த முடிவால் நாம் அடைந்த நஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகின்றோம்.

நாம் பட்ட நஷ்டம்

சில ஆண்டுகளுக்கு முன், 'ரஜூலா' கப்பலில் வந்து இங்கே கடை வைத்த ஒரு பெரியவரிடம் அவர் கதையைக் கேட்டுப் பதிவு செய்தோம். அதற்கென நல்ல விலை கொடுத்து ஒரு பெரிய மைக் வாங்கி, மேஜையின் நடுவில் வைத்தோம். தரையில் டைல்ஸ், தலைக்கு மேல் இரண்டு மின்விசிறிகள், வெளியே லாரிகள். இரண்டு மணி நேரம் அவர் மனம் விட்டுப் பேசினார். வீட்டுக்கு வந்து கேட்டபோதோ, விசிறியின் இரைச்சல் முன்னே நின்றது. அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. விஷயத்தைச் சொன்னோம். "அதற்கென்ன தம்பி, இன்னொரு நாள் வாருங்கள், திரும்பச் சொல்கிறேன்" என்றார். அந்த இன்னொரு நாள் வருமுன் அவர் காலமாகிவிட்டார். பதிவைக் கேட்ட அவருடைய மகன், "வாப்பாவின் குரல் இப்படி இருக்காதே" என்று மட்டும் சொன்னார்.

பின்னர் விசாரித்தறிந்ததில், மைக்கில் குற்றமில்லை. அதைத் தேர்ந்தெடுத்த விதத்திலும் வைத்த இடத்திலுமே குற்றம் என்று விளங்கியது.

மைக்கில் இரு வகை

முதலாவது 'டைனமிக்'. மெல்லிய தகடு ஒன்றும், அதில் ஒட்டிய கம்பிச்சுருளும், ஒரு காந்தமும் இதன் உறுப்புகள். குரல் பட்டுத் தகடு அசைய, சுருள் காந்தத்தின் நடுவே அசைந்து மின்சாரத்தை உண்டாக்குகின்றது. இதன் காது சற்று மந்தம். அருகில் பேசுவதை நன்றாகக் கேட்கும். தூரத்து ஓசையை அவ்வளவாகப் பொருட்படுத்தாது.

இரண்டாவது 'கண்டென்சர்'. இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும்; ஸ்டூடியோ மைக்குகளுக்கு 48 வோல்ட் கொடுப்பது வழக்கம். இதன் காது மிகக் கூர்மையானது. சுவரெல்லாம் ஒலி அடக்கிய அறையில் இதுவே சிறப்பு. நமது கடையிலோ, பேசுபவர் குரலோடு குளிர்சாதனத்தின் முனகலையும் ஐந்தடி நடைபாதையில் போவோர் பேச்சையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும். நாம் வாங்கியது இந்த வகையே.

1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் இருவரும் 'எலெக்ட்ரெட்' முறையைக் கண்டபின் கண்டென்சர் மிக மலிவாயிற்று. சட்டையில் குத்தும் சிறு மைக்குகள் பெரும்பாலும் இந்த ரகம். ஆகவே 'கண்டென்சர்' என்ற பெயரையும் பெரிய உருவத்தையும் கண்டு மயங்க வேண்டாம். பெரிய கூட்டுக்குள் சிறு எலெக்ட்ரெட் துண்டை வைத்து 'ஸ்டூடியோ செட்' என்று விற்பதும் உண்டு.

தூரமே பாதி விலை

பத்து சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கை இருபதுக்குத் தள்ளினால், குரலின் அளவு 6 டெசிபல் குறையும். நாற்பதுக்குத் தள்ளினால் 12 டெசிபல் குறையும். அறையின் இரைச்சலோ குறையாது. எனவே வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாணுக்கு மேல் இடைவெளி ஆகாது. நேரே வாய்க்கு முன் வைத்தால் 'அப்பா', 'பருப்பு' என்னும்போது வரும் காற்று 'படார்' என்று மோதும். ஆதலால் சற்றே பக்கவாட்டில் வைத்து, பஞ்சு உறையும் போட வேண்டும். 'கார்டியாய்டு' என்று குறித்த மைக் பின்புற ஓசையை மிகக் குறைவாகவே வாங்கும்; அதன் முதுகை விசிறிப் பக்கமோ வாசற் பக்கமோ திருப்பி வையுங்கள்.

பணத்துக்கேற்ற தேர்வு

செலவே வேண்டாமெனில், கைத்தொலைபேசியையே ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதியலாம்.

சிறிது செலவு செய்யலாமெனில், கம்பியுள்ள சட்டை மைக் போதும். முதியவர்களுக்கு இதுவே வசதி. மைக் இருப்பதையே மறந்து பேசுவார்கள்.

தொடர்ந்து நடத்துவதாயின், 'யு.எஸ்.பி.' வழியே கணினியில் நேரே செருகும் டைனமிக் மைக் வாங்குக. சாம்சன் கியூ2யு, ஆடியோ-டெக்னிக்கா ஏடிஆர்2100எக்ஸ் ஆகியவற்றில் யு.எஸ்.பி.யும் உண்டு, மூன்று முள் செருகியும் உண்டு. காதணிக் கருவி மாட்டிக் கேட்கவும் துளை உண்டு. மூன்று முள் மட்டுமே உள்ள மைக்குக்குத் தனிப் பெட்டி ஒன்றும் வாங்க வேண்டும். அந்தச் செலவையும் அடக்கத்தில் சேர்த்துக் கணக்கிடுங்கள். 1966 முதல் விற்பனையாகும் ஷூர் எஸ்எம்58 சுமார் 100 அமெரிக்க டாலர். அதே கம்பெனியின் எஸ்எம்7பி சுமார் 400 டாலர். அதற்குப் பலமான பெருக்கியும் தேவை. தொடக்கக்காரருக்கு அது வீண் முதல். எஸ்எம்58-க்குப் போலிச் சரக்கு ஏராளம். அசலின் எடை 298 கிராம். எடை குறைந்தாலும், விலை நம்ப முடியாதபடி குறைந்தாலும் தொடாதீர்கள். தராசும் சரக்கும் அறிந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம்மிடமே உள்ள ஸ்டூடியோ

வெற்றுச் சுவரும் டைல்ஸும் குரலைத் திருப்பி அடிக்கும். துணி அதை விழுங்கிவிடும். துணிக்கட்டுகள் அடுக்கிய ஜவுளிக்கிடங்கு, காசு கொடுத்துக் கட்டிய அறைக்கு ஏறக்குறைய ஈடு. விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி அங்கே அமருங்கள். முதலில் பத்து விநாடி மௌனமாகவும், ஒரு நிமிடம் பேசியும் பதிந்து, காதணிக் கருவியில் கேளுங்கள். மௌனத்தில் இரைச்சல் கேட்டால், இடத்தை மாற்றுங்கள், மைக்கை மாற்றாதீர்கள். பதிந்ததை இரண்டு இடங்களில் வைத்துக் காப்பாற்றுங்கள்.

இந்த ஒரு நிமிடச் சோதனையை நாம் அன்று செய்திருந்தால், அந்தப் பெரியவரின் குரல் இன்று அவர் பேரப்பிள்ளைகளிடம் தெளிவாய் இருந்திருக்கும். உங்கள் வீட்டிலும் கடையிலும் அத்தகைய பெரியவர்கள் இருப்பார்கள். நல்ல மைக் வாங்கும் நாளுக்காகக் காத்திராமல், கையில் உள்ளதைக் கொண்டு இந்த வாரமே கிடங்கில் அமர்ந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.